இருமினால் நனைகிறது. ஸ்லிங் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கூழ்ப்பானை (சாட்ஸ்வர்த், டர்பன்), செவ்வாய் இரவு 9.40

மூன்று நாளாக டைப் செய்வதும் அழிப்பதுமாக இருக்கிறேன், இன்றைக்கு அனுப்பிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். வயது 49. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம்தான், ஆனால் மூத்தவன் 4.2 கிலோ, ஆயுதம் போட்டு எடுத்தார்கள். அவன் பிறந்ததிலிருந்தே தும்மினால் இரண்டு சொட்டு வரும், அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று மாமியார் சொன்னார், நானும் சரி என்று விட்டுவிட்டேன். இப்போது இரண்டு சொட்டு இல்லை. சிரித்தால், படியேறினால், மாவுப் பையைத் தூக்கினால், எல்லாவற்றுக்கும் நனைகிறது.

போன ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றினோம். நானும் இன்னொரு பெண்ணும் அண்டாவை ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கினோம். தூக்கிய நொடியில் அப்படியே இறங்கிவிட்டது. மஞ்சள் புடவை நனைந்தால் எப்படித் தெரியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் வேப்பிலை போட்ட தண்ணீர்க் குடம் இருந்தது, அதை எடுத்து என் மேலேயே சரித்துக்கொண்டு "ஐயோ கொட்டிவிட்டதே" என்று ஒரு சத்தம் போட்டேன். எல்லாரும் நம்பினார்கள். வீட்டுக்கு வந்து குளியலறையில் உட்கார்ந்து அழுதேன்.

போன வாரம்தான் கைனியிடம், அதாவது பெண்கள் டாக்டரிடம், போனேன். இரும வைத்துப் பார்த்தார், ஸ்லிங் என்று உள்ளே ஒரு நாடா போட்டால் சரியாகிவிடும், அரை மணி நேர வேலை, சின்ன ஓட்டைதான், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். மொத்தமே பத்து நிமிடம்தான் பேசினார். மெடிக்கல் எய்டுக்கு (மருத்துவக் காப்பீடு) ஒப்புதல் கேட்டும் அனுப்பியாயிற்று. மகளிடம் சொன்னால் அவள் போனைப் பார்த்துவிட்டு, "அம்மா, அது இங்கிலாந்தில் நிறுத்தி வைத்த மெஷ், பிளாஸ்டிக் வலை, பல பெண்கள் நடக்க முடியாமல் போயிருக்கிறார்கள்" என்கிறாள். எதை நம்புவது? செய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

வெருலம் ஆயா, செவ்வாய் இரவு 10.15

என் கண்ணே, முதலில் அழுவதை நிறுத்து. நான் 2009இல் செய்துகொண்டேன், டிவிடி என்பார்கள், படம் போடும் டிவிடி இல்லை, டி-வி-டி. இப்போது எனக்கு 71. காலையில் போனேன், மறுநாள் மதியம் வீட்டில் சோறு தின்றேன். அடிவயிற்றில் இரண்டு பக்கமும் அரிசி அளவுக்குத் தழும்பு, அதுவும் இப்போது தேடினாலும் கிடைக்காது. காவடிக்கு நாலு மணி நேரம் நிற்கிறேன், சொட்டு வராது. இன்றைக்கும் அந்த டாக்டரைக் கும்பிடுவேன். பயப்படாமல் செய்துகொள்.

சலங்கை (ஃபீனிக்ஸ்), புதன் காலை 6.05

ஆயா சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நான் நாட்டியம் சொல்லிக்கொடுப்பவள். குதித்து அரைமண்டியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கசியும், பிள்ளைகள் முன்னால் கறுப்பு உடையைத் தவிர வேறு போட்டதே கிடையாது. 2014இல் டிஓடி போட்டுக்கொண்டேன், அதாவது நாடா தொடை இடுக்கு வழியாகப் போகும் வகை. கசிவு நின்றது, அதில் பொய் இல்லை. ஆனால் வலது தொடையின் உள்பக்கம் ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. காலை அகட்டினால் உள்ளே யாரோ நூல் பிடித்து இழுப்பது மாதிரி. அரைமண்டியே என் பிழைப்பு, அது இல்லாமல் என்ன நாட்டியம்?

போட்டவரிடம் போனேன். "ஆறு வாரத்தில் போய்விடும்" என்றார். ஆறு மாதம் கழித்துப் போனேன், "உங்களுக்கு மனசில் பயம்" என்றார். பெயர் சொல்லப்போவதில்லை. கடைசியில் வேறு ஊரில் இந்தத் தொல்லைகளுக்கென்றே இருக்கும் ஒரு யூரோகைனி டாக்டரைப் பார்த்து, நாடாவில் ஒரு பகுதியை எடுத்தார்கள். முழுவதும் எடுக்க முடியவில்லை, சதை அதற்குள் வளர்ந்து பின்னிவிடுகிறதாம். வலி முக்கால் போயிற்று, கசிவு பாதி திரும்பி வந்தது. போடுவது அரை மணி நேரம், எடுக்கிற அன்று நான் மேஜையில் இரண்டரை மணி நேரம் கிடந்தேன். இதை யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

தியேட்டர் சிஸ்டர், புதன் மதியம் 1.20

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ், இந்தக் கேஸ் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். உள்ளே என்னதான் நடக்கிறது என்று தெரியாமலேயே பாதிப் பேர் கையெழுத்துப் போடுகிறார்கள், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

மூத்திரக்குழாய் ஒரு சின்னக் குழாய், நான்கு சென்டிமீட்டர் இருக்கும். அதற்குக் கீழே தாங்கலாக ஒரு திசு இருக்கிறது, தொட்டிலில் துணி தாங்குவது மாதிரி. பிரசவத்தில் அது தளர்ந்துவிட்டால், இருமும்போது வயிற்று அழுத்தம் மேலேயிருந்து தள்ளும், கீழே தாங்க ஆள் இல்லாமல் குழாய் மூடாது. ஸ்லிங் என்பது அந்த இடத்தில் ஒரு நாடாவைத் தாங்கலாகக் கொடுப்பதுதான். பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வலை, அகலம் சுமார் ஒரு சென்டிமீட்டர், பாவாடை நாடா அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்ணுறுப்பின் முன்சுவரில், மூத்திரத் துவாரத்துக்குச் சற்றுக் கீழே, ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு வெட்டு. டிவிடி என்றால் அங்கிருந்து வளைந்த ஊசி ஒன்று இடுப்பெலும்பின் பின்புறமாக மேலே ஏறி அடிவயிற்றில் வெளியே வரும், இரண்டு பக்கமும் அப்படியே. டிஓடி என்றால் தொடை இடுக்குப் பக்கம். டிவிடியில் ஊசி மூத்திரப்பைக்குப் பக்கத்திலேயே போவதால் நூற்றில் நாலைந்து பேருக்குப் பையில் குத்திவிடும், அதனால்தான் கேமரா விட்டுப் பையை நிரப்பிச் சுற்றிப் பார்ப்பார்கள். குத்தியிருந்தால் ஊசியை வெளியே எடுத்து மறுபடி சரியாக விடுவார்கள், இரண்டொரு நாள் ட்யூப் இருக்கும், பெரும்பாலும் அதோடு சரி. பார்க்காமல் விட்டால்தான் வம்பு.

கடைசியில் ஒரு சின்ன விஷயம், எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். நாடாவுக்கும் குழாய்க்கும் நடுவில் டாக்டர் ஒரு கத்தரிக்கோலை வைத்துக்கொண்டுதான் நாடாவின் உறையை உருவுவார். கத்தரிக்கோலை எடுத்தபின் அந்த இடைவெளி அப்படியே நிற்கும். நாடா இழுத்துக் கட்டப்படக் கூடாது, சும்மா கிடக்க வேண்டும், இருமும்போது மட்டும் குழாய் வந்து அதன் மேல் உட்காரும். கொஞ்சம் இறுகிவிட்டாலும் ஒண்ணுக்கே வராது. அதனால்தான் வார்டில் நீங்கள் போய்க் காட்டிய பிறகு, பையில் எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேன் வைத்துப் பார்த்துத்தான் வீட்டுக்கு விடுகிறோம்.

இதை முதலில் கொண்டுவந்தது ஸ்வீடனில் உல்ஃப் உல்ம்ஸ்டெனும் ஆஸ்திரேலியாவின் பீட்டர் பெட்ரோஸும், 1990களின் நடுவில். அதற்கு முன் 1961இலிருந்து பர்ச் ஆபரேஷன்தான், வயிற்றை அறுத்துத் தையல் போட்டுத் தூக்கிக் கட்டுவது. பிறகு அதையும் லேப்ராஸ்கோப்பில், சின்ன ஓட்டை வழியாகக் கேமரா விட்டு, செய்ய ஆரம்பித்தார்கள். சரி, பெல் அடித்துவிட்டது.

பாண்டி மருமகள் (சாந்தெனி, ரெயூனியன்), புதன் மாலை 5.50

வணக்கம். பிறந்தது பாண்டிச்சேரி, வாழ்க்கைப்பட்டது பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவு, உங்கள் ஊர்க்காரி இல்லாவிட்டாலும் எழுதுகிறேன். உங்கள் மகள் சொன்னது தவறில்லை, ஆனால் இரண்டு விஷயம் கலந்துபோயிருக்கிறது.

கர்ப்பப்பையோ மூத்திரப்பையோ இறங்கிவிட்டால் அதைத் தாங்க யோனி வழியாகப் போடும் பெரிய வலை ஒன்று. இருமினால் கசிவதற்குப் போடும் மெல்லிய நாடா வேறொன்று. அமெரிக்காவில் 2019 ஏப்ரலில் விற்கக் கூடாது என்று சொன்னது முதல் வகையை, நாடாவை இல்லை. இங்கிலாந்தில் 2018 ஜூலையில் இரண்டையுமே நிறுத்தி வைத்தார்கள், இது உண்மை. 2020இல் அங்கே வந்த கம்பர்லெஜ் அறிக்கை பெண்கள் வலி என்று சொன்னபோது யாரும் காது கொடுக்கவில்லை என்று காட்டமாகவே எழுதியது. சலங்கை அக்காவுக்கு நடந்தது அதேதான், "மனசில் பயம்" என்றார்களே.

பிரான்சில் நாடாவைத் தடை செய்யவில்லை, ஆனால் 2020 அக்டோபரில் விதி போட்டார்கள்: ஒரு டாக்டர் தனியாக முடிவெடுக்கக் கூடாது, குழுவாகப் பேச வேண்டும், எழுத்தில் தகவல் தர வேண்டும், போட்ட பிறகும் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் தொடை வழியாகப் போடும் முறையை 2001இல் கொண்டுவந்ததே ஒரு பிரெஞ்சுக்காரர், டெலோர்ம்.

அப்புறம் இங்கே பிள்ளை பெற்றதும் கீழ்த்தசைப் பயிற்சிக்குச் சீட்டு எழுதித் தருவார்கள், மருத்துவச்சியிடமோ பிசியோவிடமோ போகலாம், காப்பீட்டில் வந்துவிடும். என் நாத்தனார்கள் எல்லாரும் தடுப்பூசிக்குப் போவது மாதிரிப் போய்வந்தார்கள். நான்தான் வெட்கப்பட்டுப் போகவில்லை, பிறகு வருத்தப்பட்டேன்.

உள்ளே இழு மேலே இழு, புதன் இரவு 8.30

யாராவது பயிற்சி என்று சொல்வார்களா என்று காத்துக்கொண்டிருந்தேன், நன்றி பாண்டி அக்கா. நான் டர்பனில் பெண்களுக்கான பிசியோ. கூழ்ப்பானை அக்கா, உங்கள் கைனி ஆபரேஷனுக்கு முன் பயிற்சி என்று ஒரு வார்த்தை சொன்னாரா? குறைந்தது மூன்று மாதம், ஒருவர் கூட இருந்து சொல்லிக்கொடுத்து, நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு எட்டு முறையாவது இறுக்கிப் பிடிப்பது. அதுதான் முதல் படி.

"நானும் செய்தேன், பயனில்லை" என்று வருபவர்களைப் பரிசோதித்தால் பாதிப் பேர் தசையை மேலே இழுப்பதற்குப் பதில் முக்கிக் கீழே தள்ளிக்கொண்டிருப்பார்கள், இருந்ததும் கெட்டுப்போகும். சரியான முறை: நாலு பேர் நடுவில் காற்று விடாமல் அடக்குவோமே, அதுபோலப் பின்னால் இறுக்கி, அதையே முன்பக்கம் கொண்டுவந்து உள்ளே மேலே இழுக்க வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது, பல்லைக் கடிக்கக் கூடாது, பிட்டம் ஆடக் கூடாது. ஒண்ணுக்குப் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகவும் கூடாது. அப்புறம் ஒரு தந்திரம் இருக்கிறது, தும்மல் வருகிறது என்று மூக்கு சொன்னதும், தும்முவதற்கு அரை நொடி முன்னால் இறுக்கு. இது ஒன்றிலேயே பலருக்குப் பாதி குறைகிறது.

உடம்பு கனமாக இருந்தால் எடை குறைப்பதும் பலன் தரும். 2009இல் வந்த ஓர் ஆய்வில் எடையில் சராசரியாக 8 சதவீதம் குறைத்த பெண்களுக்குக் கசிவு ஏறக்குறைய பாதியாகியது.

வெருலம் ஆயா, புதன் இரவு 9.02

பிள்ளை, நீ சொல்வதெல்லாம் சரி, ஆனால் இரண்டு வருடம் நானும் இழுத்தேன், உள்ளே இழுத்தேன், மேலே இழுத்தேன், கடைசியில் டாக்டர்தான் இழுத்துக் கட்டினார்.

உள்ளே இழு மேலே இழு, புதன் இரவு 9.20

ஆயா 😄 இழுத்துக் கட்டவில்லை, சிஸ்டர் சொன்ன மாதிரிச் சும்மா கிடக்க விட்டார்.

நியாயமாகவே பேசுகிறேன். 2013இல் நெதர்லாந்தில் ஓர் ஆய்வு, 460 பெண்கள், ஒரு பாதிக்குப் பயிற்சி, ஒரு பாதிக்கு நாடா. ஒரு வருடம் கழித்து முன்னேற்றம் என்று சொன்னவர்கள் ஆபரேஷனில் 90.8 சதவீதம், பயிற்சியில் 64.4. பயிற்சிப் பக்கம் இருந்தவர்களில் 49 சதவீதம் பேர் நடுவில் ஆபரேஷனுக்கு மாறிவிட்டார்கள். என் தொழிலுக்கு எதிரான கணக்கு, இருந்தாலும் மறைக்கவில்லை. ஆனால் அதையே திருப்பிப் பாருங்கள், மீதி 51 சதவீதம் பேர் அந்த ஒரு வருடத்தில் கத்தியே இல்லாமல் இருந்தார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று செய்து பார்க்காமல் எப்படித் தெரியும்? பயிற்சி பலிக்காவிட்டால் நாடா போட்டுக்கொள்ளலாம், போட்ட நாடா பிடிக்காவிட்டால் சலங்கை அக்காவைக் கேளுங்கள்.

சலங்கை, புதன் இரவு 10.11

என்னைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம் தங்கச்சி. நான் போட்டதற்கு வருத்தப்படவில்லை, கேள்வி கேட்காமல் போட்டதற்குத்தான் வருத்தம். என்னிடம் யாராவது "நீ என்ன வேலை செய்கிறாய், காலை எவ்வளவு அகட்டுவாய்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தொடை வழி வேண்டாம் என்று அவர்களுக்கே தோன்றியிருக்கும்.

தியேட்டர் சிஸ்டர், வியாழன் மதியம் 1.05

சலங்கை சொன்னது ரொம்பச் சரி. இரண்டு வழிக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். 2010இல் அமெரிக்காவில் 597 பெண்களை வைத்துப் பார்த்தபோது ஒரு வருடத்தில் பரிசோதனைப்படி சரியானவர்கள் வயிற்று வழியில் 80.8, தொடை வழியில் 77.7 சதவீதம். வித்தியாசம் தொல்லைகளில்தான். வயிற்று வழியில் ஒண்ணுக்கு அடைத்துக்கொண்டு மறுபடி ஆபரேஷன் வேண்டியவர்கள் 2.7 சதவீதம், தொடை வழியில் ஒருவரும் இல்லை. தொடை வழியில் காலில் மரத்துப்போதல், பலக்குறைவு மாதிரி நரம்புத் தொல்லை 9.4, மற்றதில் 4. ஓடுபவர், ஆடுபவர், குதிரை ஏறுபவர் என்றால் நான் பார்த்த டாக்டர்களில் நல்லவர்கள் வயிற்று வழியைத்தான் எடுப்பார்கள்.

ஐசிப்பிங்கோ மாமா, வியாழன் மாலை 4.44

ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. என் மனைவிக்கு இதே தொல்லை, ஆனால் அவளுக்கு இருமினால் வருவதில்லை. கதவில் சாவி போடும்போது, தண்ணீர்க் குழாய்ச் சத்தம் கேட்டால், ஓடுவதற்குள் வந்துவிடுகிறது. ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறாள். அவளுக்கும் இந்த நாடா போடலாமா?

உள்ளே இழு மேலே இழு, வியாழன் மாலை 5.30

தாராளமாக எழுதலாம் மாமா, மனைவிக்காகக் கேட்கும் முதல் ஆண் நீங்கள்தான். ஆனால் அது இது இல்லை. அவசரம் வந்து அடக்க முடியாமல் போவது மூத்திரப்பைத் தசை தன்னிஷ்டத்துக்குச் சுருங்குவதால். அதற்கு நாடா போட்டால் பலன் இல்லை, கெடுதலும் ஆகலாம். பையைப் பழக்கும் பயிற்சி, மாத்திரை, தேவைப்பட்டால் பைக்குள் போட்டாக்ஸ் ஊசி, அந்த வழி தனி. முதலில் சர்க்கரையும் மூத்திரத்தில் கிருமியும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று நாளைக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், எவ்வளவு போனார், எப்போது நனைந்தது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், பழைய அளவு ஜக்கு ஒன்று போதும். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும், அப்போது எது அதிகத் தொல்லை தருகிறதோ அதிலிருந்துதான் தொடங்குவார்கள்.

ரோஸ்ஹில் டீச்சர் (மொரீஷியஸ்), வியாழன் இரவு 7.15

எல்லாரும் நாடா, நாடா என்கிறீர்களே, நம் உடம்பிலிருந்தே எடுத்துப் போடும் முறை இருக்கிறது. நான் அதைத்தான் செய்துகொண்டேன். எங்கள் ஊரில் பலரும் போவது போல நானும் சென்னைக்குப் போய், அங்கே தமிழில் பேசிப் புரிந்துகொண்டு முடிவெடுத்தேன், அதுவே பாதி நிம்மதி. சிசேரியனுக்குப் போடுவது போல அடிவயிற்றில் ஒரு வெட்டு, அங்கே வயிற்றுத் தசையை மூடியிருக்கும் உறையிலிருந்து ஒரு கீற்று எடுத்து, அதையே குழாய்க்குக் கீழே தூளி மாதிரிப் போட்டார்கள். பிளாஸ்டிக் இல்லை, அரித்துக்கொண்டு வெளியே வருமோ என்ற பயம் இல்லை.

ஆனால் "சின்ன ஆபரேஷன்" என்று சொல்ல மாட்டேன். நாலு நாள் ஆஸ்பத்திரி. இரண்டரை வாரம் ஒண்ணுக்கு முழுதாக வரவில்லை, நானே சின்ன ட்யூப் விட்டு எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கண்ணாடி வைத்துக்கொண்டு முதல்முறை செய்தபோது கை நடுங்கியது, மூன்றாம் நாள் பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. இப்போது நாலு வருடம், கசிவு இல்லை. கொஞ்சம் நேரம் உட்கார்ந்து முன்னால் சாய்ந்தால்தான் முழுதாகப் போகும், அது பழகிவிட்டது.

வெருலம் ஆயா, வியாழன் இரவு 7.40

டீச்சர், நீங்கள் வீராங்கனை. நான் கண்ணாடியில் முகத்தைப் பார்க்கவே யோசிப்பேன்.

மட்டுறுத்துநர், வியாழன் இரவு 8.00

"21 நாளில் கசிவு நிற்கும் சூரணம்" விளம்பரம் நீக்கப்பட்டது. இரண்டாவது முறை போட்டால் கணக்கும் நீங்கும்.

புதுப்பொண்ணு (டொங்காட்), வியாழன் இரவு 8.25

எனக்கு 31, ஒரு குழந்தை, இன்னொன்று வேண்டும் என்று நினைக்கிறோம். ஒரு பியூட்டி கிளினிக்கில் லேசர் வைத்தால் வலியே இல்லாமல் சரியாகும் என்கிறார்கள், மூன்று தடவைக்கு ஒரு தொகை கேட்கிறார்கள். குழாயில் ஊசி போடுவதாகவும் கேள்விப்பட்டேன். இரண்டும் ஒன்றா?

தியேட்டர் சிஸ்டர், வெள்ளி மதியம் 1.15

ஒன்றில்லை அம்மா. யோனியில் லேசர் வைப்பது பற்றி அமெரிக்க அரசின் மருந்து, மருத்துவக் கருவிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிஏ 2018 ஜூலையிலேயே எச்சரித்தது, இதற்கெல்லாம் நாங்கள் அனுமதி தரவில்லை, தீக்காயம், வலி என்று புகார் வருகிறது என்று. பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி என்பது மூத்திரக்குழாயின் சுவரில் கேமரா வழியாக மூன்று நான்கு இடத்தில் ஜெல் ஏற்றுவது, சுவர் உப்பி வாய் மூடும். வெட்டு இல்லை, பத்துப் பதினைந்து நிமிடம், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே போடலாம். நாடா அளவுக்குப் பலன் இல்லை, சிலருக்கு மறுபடி போட வேண்டும். வயதானவர், மயக்கம் தாங்காதவர், நாடா வேண்டவே வேண்டாம் என்பவர் இதற்குப் போகிறார்கள். ஆனால் உங்களுக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்றால் நாடாவை இப்போது நினைக்காதீர்கள், பிள்ளைப்பேறு முடிந்த பிறகுதான் என்று பெரும்பாலான டாக்டர்கள் சொல்வார்கள். பிசியோ தங்கச்சியிடம் போங்கள்.

கூழ்ப்பானை, வெள்ளி இரவு 9.50

உங்களையெல்லாம் எங்கே வைத்துக் கும்பிடுவது! ஒப்புதல் வந்த தேதியைத் தள்ளிவைத்துவிட்டேன். கைனி வரவேற்பில் இருந்த பெண் "ஏன் ஆன்ட்டி, பயமா?" என்றாள். "கேள்வி இருக்கிறது" என்றேன். பிசியோவிடம் நாள் குறித்தாயிற்று. நோட்டும் வாங்கிவிட்டேன், மகள் அட்டையில் "அம்மாவின் மழைக்கணக்கு" என்று எழுதிவைத்திருக்கிறாள், போக்கிரி.

கூழ்ப்பானை, நான்கரை மாதம் கழித்து, ஞாயிறு காலை 10.30

இழையை மேலே கொண்டுவருகிறேன், நிறையப் பேர் தனிச்செய்தியில் கேட்டதால்.

பயிற்சி முழுதாக மூன்று மாதம் செய்தேன், ஒரு நாள் விடவில்லை. முதல் நாள் பிசியோ பரிசோதித்தபோது நானும் கீழேதான் தள்ளிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது, இருபத்தைந்து வருடமாக! நாளைக்கு நாலு பேடு இருந்தது ஒன்றரை ஆனது. தும்மலுக்கு இறுக்கும் தந்திரம் நன்றாக வேலை செய்கிறது. நோட்டைப் பார்த்தபோது இன்னொன்று, மாலை ஐந்துக்கு மேல் மூன்று கப் டீ குடிக்கிறேன், ராத்திரி எழுந்திருப்பது அதனால்தான், அதை நிறுத்தியதும் அவசரம் என்பது ஏறக்குறைய போய்விட்டது. ஆனால் எடை தூக்கினால் வருவது நிற்கவில்லை. எனக்கு மளிகைக் கடை, தூக்காமல் முடியாது.

அதனால் வேறொரு டாக்டரைப் பார்த்தேன், இதையே வேலையாக வைத்திருப்பவர். கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். எந்த வழி, ஏன் எனக்கு அந்த வழி, வருடத்துக்கு எத்தனை போடுகிறீர்கள், வலி வந்தால் எடுக்கத் தெரிந்தவர் யார், நாடாவின் பெயரும் எண்ணும் என் கையில் தருவீர்களா. கடைசிக் கேள்விக்கு அவர் சிரித்துவிட்டார், ஆனால் ஸ்டிக்கரை ஒட்டியே கொடுத்தார், வீட்டு ஃபைலில் இருக்கிறது. மூத்திரப்பை அழுத்தச் சோதனையும் செய்தார்கள், முன்னால் ஒரு மெல்லிய ட்யூப், பின்னால் ஒன்று, தண்ணீர் ஏற்றி இருமச் சொல்வது. வலியில்லை, வெட்கம்தான். அந்தச் சோதனைக்கு என் மெடிக்கல் எய்டில் சேமிப்புக் கணக்கிலிருந்துதான் பிடித்தார்கள், மயக்க மருந்து டாக்டரின் பில்லிலும் ஒரு பங்கு என் தலையில், அதை முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

வயிற்று வழியில் போட்டு இன்றைக்குப் பதினோராவது நாள். முதல் ராத்திரி ஒண்ணுக்கு வரவில்லை, ட்யூபோடு அனுப்பினார்கள், இரண்டாம் நாள் எடுத்ததும் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததில்லை. அடிவயிற்றில் இரண்டு இடத்தில் காயம் பட்ட மாதிரி நீலம், கொஞ்சம் இரத்தக்கசிவு, அவ்வளவுதான். ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாது, தாம்பத்தியமும் கூடாது, கடையில் அரிசிப் பையை அவர்தான் தூக்குகிறார், முனகிக்கொண்டே.

சலங்கை, ஞாயிறு காலை 11.02

ஸ்டிக்கரை வாங்கினீர்களா! அதற்கே உங்களுக்கு ஒரு சலங்கை கட்டலாம். தொடையில் வலி ஏதாவது?

கூழ்ப்பானை, ஞாயிறு காலை 11.20

இல்லை அக்கா, காலை அகட்டிப் பார்த்தேன், உங்களை நினைத்துக்கொண்டே.

வெருலம் ஆயா, ஞாயிறு மதியம் 12.10

நேற்று தும்மினாயா, அதைச் சொல்.

கூழ்ப்பானை, ஞாயிறு மதியம் 12.25

தும்மினேன் ஆயா. மிளகாய் வறுத்தேன், ஐந்து தும்மல் வரிசையாக. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வழக்கம்போலக் கால் இரண்டையும் பின்னிக்கொண்டு மேடையைப் பிடித்து நின்றேன். ஒன்றும் வரவில்லை. மிளகாய்தான் கருகிவிட்டது.